நான் இறக்கிய ஒரு கட்டை

நேற்றுச் சாயங்காலம் சாந்தோம் ரோட்டு டீக்கடை கிராமபோனில் உங்கள் பிளேட்டை வைத்தார்கள், அம்மா. ஊசி இறங்கியதும் எண்ணெய் காய்கிற மாதிரி ஒரு சத்தம் வருமே, அது வந்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லா பிளேட்டுக்கும் அந்தச் சத்தம் ஒன்றுதான் என்பார்கள். அதெல்லாம் காது இல்லாதவர்கள் பேச்சு. உங்கள் பிளேட்டில், பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு இருக்கிறது. கோபத்தோடு இழுத்த மூச்சு. அந்தக் கோபம் என்மேல்.

கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். என் பக்கத்தில் பெஞ்சில் ஒரு குப்பத்து ஆள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசு இருக்கும். உப்புக்காற்றில் காய்ந்த முகம், தலையில் முண்டாசு. இரண்டு வரி கேட்டார். கடைக்காரரிடம் திரும்பி, “இன்னாபா இது, யாரோ பாடிக்கினு கீறாங்க. அந்தம்மா பிளேட்டுன்னு சொன்னியே?” என்றார்.

“அந்தம்மாதான். மேல பேர் போட்டிருக்குது பாரு.”

“பேர் இன்னா வேணாலும் போடுவான். நான் தரை டிக்கெட்ல குந்திக்கினு கேட்டவன். இது அந்தம்மா கொரலே இல்ல.”

இப்படி ஒருவர் சொல்லுவார் என்று நீங்கள் என்னிடம் என்றைக்கோ சொல்லிவிட்டீர்களே.

நம் நாடகக் கம்பெனியில் எல்லோரும் உங்களை அம்மா என்றுதான் கூப்பிடுவோம். உங்களைவிட இரண்டு வயது பெரியவன் நான், நானும் அம்மா என்றுதான் கூப்பிட்டேன். நீங்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “பெட்டிக்காரரே” என்பீர்கள். ஆர்மோனியப் பெட்டி வாசிக்கிறவன் பெட்டிக்காரன். பன்னிரண்டு வருஷம் அந்த ஒரே பெயருக்கு நான் திரும்பிப் பார்த்தேன்.

மயிலாப்பூர்த் தகரக் கொட்டகையில் நம் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆட்டம் ஞாபகமிருக்கிறதா? ராணி வேஷம் கட்டிக்கொண்டு, முகத்தில் முத்துவெள்ளைப் பூச்சு காய்வதற்குள் படுதாவுக்குப் பின்னால் வந்து நிற்பீர்கள். மேடைக்கு வருவதற்கு முன்பே முதல் வரியை உள்ளிருந்து எடுக்க வேண்டும். அதுதான் நாடக வழக்கம். ஆள் தெரியாமல் குரல் மட்டும் வரும். ஐந்தரைக் கட்டைச் சுருதி! ஆம்பிளைகள் பாடவே பயப்படுகிற உயரம். படுதா அசைவதற்குள் கொட்டகை முழுக்கக் கைத்தட்டல். அப்புறம் “ஒன்ஸ்மோர்” என்று தரை டிக்கெட் கத்தும். நீங்கள் உள்ளே நின்றபடியே, முகத்தைக்கூடக் காட்டாமல், அதே வரியை இன்னொரு தரம் கொடுப்பீர்கள். திமிர்தான். உங்களுக்கு அழகாக இருந்த திமிர்.

பாட்டு போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க உங்களிடம் ஒரு அளவுகோல் இருந்தது. முன்வரிசை நாற்காலிகளை நீங்கள் ஏறெடுத்தும் பார்க்கமாட்டீர்கள். “சுண்டல் விக்கிறவன் வாயை மூடினானா? அதைச் சொல்லுங்க” என்று கேட்பீர்கள். கொட்டகையின் கடைசி மூங்கிலுக்குப் பக்கத்தில் ஒருவர் கூடையோடு நின்று கூவிக்கொண்டே இருப்பார். அவர் கூவலை நிறுத்திவிட்டு நின்றால் அன்றைக்கு நாடகம் நன்றாக நடந்ததாக அர்த்தம். நானும் பெட்டியில் கையை வைத்துக்கொண்டு, காதை மட்டும் அந்த மூங்கில் பக்கம் வைத்திருப்பேன்.

எப்போது முதன்முதலாக உங்கள் குரல் மேலே போகாமல் நின்றது என்று நாம் இருவரும் பேசிக்கொண்டதே கிடையாது. எனக்குத் தெரியும். ஒரு மழைக்கால ஆட்டம். மேல் ஸ்தாயியில் ஒரு இடத்தில் குரல் நூல் மாதிரி மெலிந்தது. பின்பாட்டுப் பாடுவது பெட்டிக்காரன் வேலையில் பாதி அல்லவா. நான் வாயைத் திறந்து அந்த இடத்தை நிரப்பினேன். கொட்டகைக்கு ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்டம் முடிந்து வேஷம் கலைக்கும்போது, “இன்னைக்கு உங்களுக்கும் தொண்டை நல்லா இருந்துது போலிருக்கே” என்றீர்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம், ஒவ்வொரு ஆட்டத்திலும், அந்த இடம் வரும்போது நீங்கள் மூச்சை விடுவீர்கள், நான் பாட்டை எடுத்துக்கொள்வேன். எனக்கு அதில் பெருமை வேறு. ஊரே கொண்டாடுகிற குரலில் ஒரு துண்டு என்னுடையது என்று மனசுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். முட்டாள்.

பிறகுதான் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். தேனாம்பேட்டைப் பக்கம் ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்து, சுவரெல்லாம் கனத்த ரஜாய்ப் போர்வைகளைத் தொங்கவிட்டு, ஜன்னலை அடைத்து வைத்திருந்தார்கள். உள்ளே வேர்த்துக் கொட்டியது. மிருதங்கம் இடிக்கிறது என்று மிருதங்கக்காரரை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு ஜோடி ஜால்ராவும் நானும்தான் மிச்சம். என்னையும் ஒரு மூலைக்குத் தள்ளினார்கள். கம்பெனி ஏஜெண்டு விரலை ஆட்டி, “பின்பாட்டு கூடாது. தட்டுல ஒரே குரல்தான் இருக்கணும்” என்றார்.

உங்கள் முகத்தைப் பார்த்தேன். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினீர்கள்.

ஒத்திகையில் மூன்று தடவை பாடினீர்கள். மூன்று தடவையும் அந்த இடத்தில் குரல் பிசிறியது. நான் மெதுவாக, “அம்மா, கொஞ்சம் இறக்கிக்கலாமா?” என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள், “வர்ற நேரத்துல வந்துடும். மூஞ்சியை அப்படி வச்சுக்காதீங்க” என்றீர்கள். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. மெழுகுத் தட்டு சுற்ற ஆரம்பித்துவிட்டால் இருமக்கூட முடியாது. ஐந்தரைக்குப் போக வேண்டிய என் விரல் நாலரையில் போய் உட்கார்ந்தது. நான் கொடுத்த சுருதியைக் கேட்டதும் உங்கள் தலை சட்டென்று திரும்பியது. அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். நிறுத்த வழியில்லை. ஒரு மூச்சை இழுத்தீர்கள். நாலரையிலேயே பாடினீர்கள்.

என்ன பாட்டு அது, அம்மா! பன்னிரண்டு வருஷத்தில் நான் கேட்காத குரல். கத்த வேண்டியதில்லை, கடைசி மூங்கில் வரைக்கும் போக வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம் துக்கத்தைச் சொல்லுகிற மாதிரி பாடினீர்கள். மேலே போகவேண்டிய அந்த இடத்துக்குச் சிரமமே இல்லாமல் போய்விட்டு வந்தீர்கள். முடிவில், பிளேட்டு வழக்கப்படி, உங்கள் பெயரைச் சொன்னீர்கள். விளக்கு அணைந்தது. பதிவு செய்த வெள்ளைக்காரத் துரை சிரித்துக்கொண்டே வெளியே வந்து தலையாட்டினார். இன்னொரு தரம் எடுக்கவேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள். துரைக்குத் திருப்தி, அடுத்த கோஷ்டி வாசலில் காத்திருக்கிறது என்று ஏஜெண்டு கையை விரித்துவிட்டார்.

திரும்பும்போது ஜட்காவில் ராயப்பேட்டை தாண்டினோம். பிறகு குதிரையைப் பார்த்துக்கொண்டே பேசினீர்கள்.

“நாலரை. என்னைக் கொண்டுபோய் நாலரையில உக்கார வச்சுட்டீங்க.”

“அம்மா, நல்லா வந்திருக்கும்மா. சத்தியமா—”

“நல்லா வந்திருக்கட்டும். நான் போனப்புறம் இதுதானே இருக்கப்போவுது? தரை டிக்கெட்ல உக்காந்து என்னைக் கேட்டவன் நாளைக்கு இதைக் கேட்டா, இது யாரோன்னு எழுந்து போயிடுவான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

லஸ் மூலையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினீர்கள். அந்த வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போனீர்கள். மறுவாரம் நம் கம்பெனிக்குப் புதுப் பெட்டிக்காரர் வந்துவிட்டார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என்ன தப்பு செய்துவிட்டேன், அம்மாவின் மானத்தைத்தானே காப்பாற்றினேன் என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கால் சும்மா இருக்காது. தரை டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு உட்கார்ந்தேன். படுதாவுக்குப் பின்னாலிருந்து முதல் வரி வந்தது, கைத்தட்டல் வந்தது, ஒன்ஸ்மோர் வந்தது. பிறகு அந்த இடமும் வந்தது. நீங்கள் பழக்கத்தில் மூச்சை விட்டுவிட்டீர்கள். எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. புதுப் பெட்டிக்காரருக்கு அந்த இரகசியம் எப்படித் தெரியும்? கீழே உட்கார்ந்திருந்த நான் என்னையறியாமல் வாயைத் திறந்து பாடிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர், “ஓய், சும்மா குந்துய்யா!” என்று என் தொடையில் அடித்தார். கொட்டகை கப்சிப். அந்த அமைதியில் கடைசி மூங்கில் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. “சுண்டல்... சுண்டல்...”

உங்களுக்கும் அது கேட்டிருக்கும். முதுகை நிமிர்த்திக்கொண்டு மிச்சப் பாட்டையும் பாடி முடித்துவிட்டுத்தான் உள்ளே போனீர்கள். அதற்கப்புறம் நீங்கள் மேடை ஏறவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டீர்கள். சித்திரக்குளத்துப் பக்கத்துச் சந்தில் உங்கள் வீடு. நான் வாசலில் நின்று செருப்பைக் கழற்றவும் தயங்கினேன். உள்ளேயிருந்து, “வாங்க பெட்டிக்காரரே, அங்க நின்னு சுருதி கூட்டிக்கிட்டு இருக்கீங்களா?” என்றீர்கள். பழைய குத்தல்தான், ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் இழுப்பு. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தீர்கள். பக்கத்தில் முக்காலியில் கிராமபோன் பெட்டி. அதில் நம் பிளேட்டு.

“ஒரு வித்தை காட்டறேன், கேளுங்க” என்று முள்ளை வைத்தீர்கள். தட்டுக்குப் பக்கத்தில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னத் திருகு இருக்குமே, அதைக் கூட்டி வைத்திருந்தீர்கள். தட்டு விறுவிறு என்று சுற்றியது. சுற்றச் சுற்றக் குரலும் ஏறி நின்றது. என் காது பொய் சொல்லாது. ஐந்தரை. அசல் ஐந்தரை. ஆனால் யாரோ துரத்துகிற மாதிரி, பள்ளிக்கூடத்துப் பெண் பாடுகிற மாதிரி! நான் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை, சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். சிரிப்பு இருமலானது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

“ரெண்டு வருஷமா இப்படியேதான் கேட்டுக்கிட்டு இருந்தேன்” என்றீர்கள். பிறகு நீங்களே விரலை நீட்டித் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்தீர்கள். குரல் இறங்கி இறங்கி நாலரையில் வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு முழுசும் கேட்டீர்கள், பெயர் சொல்லுகிற இடம் வரைக்கும்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருந்தா சம்மதிச்சிருப்பீங்களா?”

“மாட்டேன்.”

“அப்ப?”

“மாட்டேன்னாவது சொல்லியிருப்பேன் இல்ல?”

எனக்குத் தாங்கவில்லை, அம்மா. குளத்தடியில் வந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அடுத்த மாதம் நீங்கள் போய்விட்டீர்கள்.

இப்போது அடையாற்றுப் பக்கம் ஒரு டாக்கிக் கம்பெனியில் படப் பாட்டுகளுக்கு வாசிக்கிறேன். மைக் வந்துவிட்டது, யாரும் கடைசி மூங்கிலுக்குக் கத்த வேண்டியதில்லை. பாட வருகிறவர் யாராக இருந்தாலும், தினம் பாடுகிறவரே ஆனாலும், பெட்டியைத் தொடுமுன் “என்ன கட்டைம்மா?” என்று கேட்கிறேன். “நேத்துதானே சொன்னேன்” என்று அவர்கள் அலுத்துக்கொள்வார்கள். மறுநாளும் கேட்பேன்.

நேற்றைய கதையை முடிக்கிறேன். குப்பத்துக்காரர் முண்டாசை அவிழ்த்து உதறிக்கொண்டு எழுந்தார். நீங்கள் ஜட்காவில் சொன்ன அதே ஆள், நீங்கள் சொன்னபடியே எழுந்து போகிறார். என்ன பதில் சொல்வது என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். கடைக்காரரிடம், “ஐயா, முதல்லேர்ந்து ஒருதரம் வையுங்க” என்று சொல்லிவிட்டுக் கிராமபோனுக்குப் பக்கத்தில் போய்த் திருகில் விரலை வைத்தேன். குரல் ஏறியது. ஐந்து. இன்னும் கொஞ்சம். ஐந்தரை வந்ததும் கையை எடுத்தேன். மூலையில் இரண்டு காலேஜ் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குப்பத்துக்காரர் வாசலில் காலை வைத்தவர் அப்படியே நின்றார்.

“டேய், சிரிக்காதீங்கடா” என்றார் அவர்களிடம். பிறகு என்னிடம், “ஆங்... இதான்பா. இதான் அந்தம்மா. மேல போவச்சொல்ல பாரு, அப்படியே நெஞ்சைப் புடிக்கும்” என்றார். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பாட்டு அந்த இடத்துக்குப் போனது. தட்டில் நீங்கள் ஒருவர்தான், பின்பாட்டு இல்லை. பிசிறாமல் போய்விட்டு வந்தீர்கள்.

அன்றைக்கு உங்களைக் கேட்காமல் இறக்கினேன். நேற்றும் உங்களைக் கேட்காமல்தான் ஏற்றினேன். இதற்கும் கோபித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பாட்டு முடிந்து, அந்தச் சின்னப்பெண் குரலில் நீங்கள் அவசர அவசரமாகப் பெயர் சொன்னபோதுதான் கவனித்தேன். சாயங்காலம் முழுக்க “ரெண்டு டீ, ஒரு காபி” என்று உள்ளே பார்த்துக் கத்திக்கொண்டிருந்த சப்ளையர், கையில் டம்ளர்களோடு, வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.