நட்சத்திரம் கட்டாத வாசல்

மரியன்னை உடனிருக்க

சின்னக்கானல்,
டிசம்பர் 26.

அன்பும் பொறுமையும் நிறைந்த மருமகள் பிலோமிக்கு, உன் அத்தை மதலேனம்மாள் எழுதுவது. கொழிஞ்சாம்பாறையில் நீயும், உன் தாயாரும், என் பேத்தி ஆக்னஸும் பிறப்புப் பெருவிழாவைக் குறையின்றிக் கொண்டாடியிருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு நான் நலமே. முழங்கால் வலி மட்டும் குளிருடன் சேர்ந்து வந்து, போக மனமின்றி என்னோடு தங்கியிருக்கிறது.

கைபேசியில் அழைக்காமல் கடிதம் எழுதுகிறேனே என்று கலங்காதே. நம் தேயிலைத் தோட்ட லயத்தில் தண்ணீர்த்தொட்டி மேட்டில் மட்டுமே சிக்னல் கிடைக்கும் என்பதை நீ அறிவாய். அங்கு நின்று பேசினால் லயம் முழுவதற்கும் கேட்கும். மேலும், எழுதும்போது என் குரல் நடுங்குவதில்லை.

இவ்வாண்டு நம் பங்குக் கோயிலில் நள்ளிரவுத் திருப்பலி நடைபெறவில்லை. ஒரு கொம்பன் யானை ரேஷன் கடைச் சுவரை இடித்து அரிசியைத் தின்றுவிட்டுப் போனதிலிருந்து, இருட்டிய பின் எவரும் வெளியே நடமாடலாகாது என்று வனத்துறையார் கூறிவிட்டனர். ஆகவே பங்குத்தந்தை மாலையிலேயே திருப்பலியை நிறைவேற்றினார். “யானைக்குப் பயந்து ஒங்க சாமியே வெளிச்சம் இருக்கையிலே பொறந்துட்டாரு” என்று அடுத்த வீட்டு நாச்சம்மாள் சிரித்தாள். முதல் வாசகத்தை வழக்கம்போல் நானே வாசித்தேன். ஓரிடத்திலும் தடுக்கவில்லை என்று பங்குத்தந்தை பாராட்டினார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் என்பதை அவர் ஒவ்வோர் ஆண்டும் மறந்துவிடுகிறார், நானும் நினைவூட்டுவதில்லை.

இனி, நீ கேட்க விரும்பியதும் கேட்கத் தயங்கியதுமான காரியத்துக்கு வருகிறேன்.

என் மகன் ஜோமோன் ஓட்டிச் சென்ற ஜீப்பை மண்சரிவு ஆற்றுக்குள் இழுத்துச் சென்ற பின் நான்கு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. ஜீப் கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. ஆத்துமாக்கள் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றி வைக்க அவனுக்கென்று கல்லறைத் தோட்டத்தில் ஒரு சாண் மண்கூட இல்லை. கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியருகே டயர் கடை வைத்திருக்கும் ஜினோ உன்னை மணக்க விரும்புவதாகச் சென்ற ஆண்டு உங்கள் பங்கிலிருந்து இங்கே செய்தி வந்தது. உடல் கிடைக்காதவனின் மனைவிக்குக் கோயிலில் மறுமணம் நடக்க வேண்டுமாயின், அவன் இறந்துவிட்டான் என ஆயர் அறிவிக்க வேண்டும். அதற்குப் பெற்றவளின் சாட்சியம் தேவைப்படும் என்று நம் பங்குத்தந்தை விளக்கினார். பாராததற்கு நான் சாட்சி சொல்வதில்லை என்று கூறிவிட்டு எழுந்து வந்தேன்.

பெருவிழாவுக்கு நான்கு வாரம் முன்பு, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நீ கைபேசியில் அழைத்தாய். “அத்தை, உங்களுக்கு மனசு ஒப்பலீன்னா வேண்டாமுங்க. நான் இப்படியே இருந்துக்கறனுங்க” என்றாய். அப்போது உன் பின்னால், சைக்கிளில் காற்று நிற்கவில்லை என்று ஆக்னஸ் யாரிடமோ முறையிட்டுக்கொண்டிருந்தாள். “அழுவாத கண்ணு, இப்பவே ஒட்டிப்புடலாம்” என்று ஓர் ஆண்குரல் பதில் கூறியது. நீ அவசரமாகக் கதவைச் சாத்தினாய். சாத்திய ஓசையும் எனக்குக் கேட்டது. உன்னைக் குறை கூறவில்லை, பிலோமி. அது நல்ல குரல்.

துக்கமுள்ள வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுவதில்லை என்பது நம்மவர் வழக்கம். நானோ அவன் போன பின் வந்த எல்லா டிசம்பரிலும் கட்டினேன். ஜோமோன் மூணாறு சந்தையில் வாங்கிய அதே சிவப்புக் காகித நட்சத்திரம்; முனைகள் கிழியக் கிழிய மைதாப் பசை காய்ச்சி ஒட்டினேன். “கெழவிக்குப் புத்தி பெசகிருச்சு” என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் உண்டு. அவர்கள் வீட்டு நட்சத்திரங்களைவிட நம்முடையது உயரத்தில் தொங்கியது.

இவ்வாண்டும் டிசம்பர் பிறந்தவுடன் அதை வெளியே எடுத்தேன். தூசி துடைத்தேன். பல்பைப் பொருத்திப் பார்த்தேன், எரிந்தது. பிறகு அணைத்து, மடித்து, பெட்டியிலேயே வைத்துவிட்டேன். “ஏ மதலேனு, ஒன் வீட்டு நச்சத்திரம் என்ன நடந்தா வருது, இன்னும் காணோம்?” என்று நாச்சம்மாள் கேட்டபோது, பல்பு பழுது என்று சொல்லி வைத்தேன்.

அதை அவள் கரோல் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாள். பெருவிழாவுக்குச் சற்று முன்னர் ஒருநாள், யானைக்கு அஞ்சிப் பகலிலேயே அவர்கள் மத்தளம் முழங்க வந்தார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்டவன் கையில் ஒரு புத்தம்புதிய நட்சத்திரம் இருந்தது. எல்லாரும் சேர்ந்து எனக்காக வாங்கியிருக்கிறார்கள். “பாட்டி, பல்பு பீஸாப் போச்சாமுல்ல? நாங்க இருக்கையில ஒங்க வாசல் இருட்டாக் கெடக்கலாமா?” என்றவன், நான் வாய் திறக்குமுன் என் ஸ்டூலிலேயே ஏறிக் கட்டத் தொடங்கிவிட்டான். சுற்றி நின்றவர்கள் கை தட்டிப் பாடினார்கள். எவ்வளவு அன்பு என்று எண்ணினேன். பேசாமல் நின்றிருந்தால் போதும். நட்சத்திரம் ஏறியிருக்கும், இன்னுமோர் ஆண்டு கழிந்திருக்கும்.

இறக்கப்பா, இது துக்க வீடு என்றேன்.

மத்தளம் நின்றது. அவன் முகமூடியைக் கழற்றினான். பார்த்தால், ஜோமோனிடம் ஜீப் ஓட்டப் பழகிய பையன். “எப்ப பாட்டி? சேதி ஏதும் வந்துச்சா?” என்று மெல்லக் கேட்டான். நான்கு மழைக்காலம் ஆயிற்று என்றேன். அவன் அந்தப் பஞ்சுத் தாடியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலிலிருந்து இறங்கினான். பிறகு அத்தனை பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, வண்ணத் தொப்பிகளைக் கையில் பிடித்தபடி, மரித்தோருக்கான செபத்தைச் சொன்னார்கள். நம் செபம் தெரியாத நாச்சம்மாள் உள்ளே போய் எல்லாருக்கும் தேநீர் போட்டாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள், ஒருவரும் கேட்கவில்லை.

நேற்று முன்தினம் திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தையைச் சந்தித்துச் சாட்சியம் சொல்ல இசைந்தேன். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து என்னை ஆயர் இல்லத்துக்கு அழைத்துச் செல்வார். அங்கே கைரேகை வைக்கச் சொன்னால் வைக்கமாட்டேன், முழுப்பெயரும் எழுதிக் கையொப்பமிடுவேன் என்று இப்போதே தெரிவித்துவிட்டேன். ஆகவே நீ இனி எவர் அழைத்தாலும் கதவைச் சாத்த வேண்டாம்.

இப்பொதியில் கேக்கோடு அந்தச் சிவப்பு நட்சத்திரத்தையும் வைத்திருக்கிறேன். முனைகளில் கவனம், பசை காய்ந்து மொடமொடப்பாக இருக்கும். வருகிற டிசம்பரில் உன் வாசலில் கட்டு. எந்த வாசல் என்று நான் கேட்கவில்லை. ஜோமோன் தரையில் நின்றபடியே கட்டிவிடுவான். கட்டுகிறவருக்கு அவ்வளவு உயரம் இல்லாவிட்டால் ஸ்டூல் போட்டுக்கொள்ளட்டும். ஆடாமல் ஆக்னஸ் பிடித்துக்கொள்வாள்.

ஆண்டவர் உன் வீட்டை, அதில் வாழப்போகிற ஒருவரையும் விடாமல், தம் நிழலில் வைத்துக் காப்பாராக. எல்லாம் நல்லபடி முடிந்த பின்னும் என்னை அத்தை என்றே கூப்பிடு. வேறெப்படி அழைத்தாலும் எனக்குத் திரும்பிப் பார்க்கத் தெரியாது.

ஆசிகளுடன்,
ஜோமோனின் தாயும் உன் அத்தையுமான
மதலேனம்மாள்