எதிர் மேசையில் மாமா

ஜூன் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். பட்டறையில் பெயிண்ட் பிரஷ் வேலை குறைவில்லாமல் ஓடுகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

வணிகப் படிப்பில் கணக்கியல் பிரிவை எடு என்றால், கூடவே ஒரு மொழியும் படிக்கப்போகிறேன் என்கிறாய். படிப்பு ஆறு மாதம் நீளுமாம். அதுவும் நம்மிடம் பிரஷ் வாங்க வருகிற வெளிநாட்டுக்காரரின் மொழி. அவர் பேசுவதைத் தமிழில் சொல்லத்தான் உன் மாமா இருக்கிறாரே. மறைக்காமல் சொல், அந்த மொழி பேசும் பையன் யாராவது உன் வகுப்பில் இருக்கிறானா?

பதிலைப் பட்டறைக்கே போடு. அம்மா கண்ணில் பட்டால் வீடு இரண்டாகிவிடும்.

அப்பா

ஜூன் 10

அன்புள்ள அப்பா,

பையன் யாரும் இல்லை. இருந்தால் அவனைத்தான் தமிழ் படிக்கச் சொல்லியிருப்பேன்.

போனில் சொல்ல முடியவில்லை. உங்கள் எதிர் மேசையில் எப்போதும் மாமா இருப்பார். போன விடுமுறையில் வெளிநாட்டுக்காரரோடு நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது நான் டீ கொண்டுவந்தேன், நினைவிருக்கிறதா? வெளிநாட்டுக்காரர் பிரஷ்ஷை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தார். சிரித்தபடி நெடுநேரம் பேசினார். உங்கள் தோளைத் தட்டினார். மாமா ஒரே வரியில், "விலையைக் குறைக்கச் சொல்றார், மச்சான்" என்றார். நீங்களும் தலையாட்டிவிட்டீர்கள்.

விலையைக் குறைக்கக் கேட்கிறவர் எதற்குத் தோளைத் தட்டவேண்டும்?

கணக்கியல் படித்தால் மாமா வாங்கித் தரும் பணத்தைச் சரிபார்ப்பேன். எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்பது அந்த அறையில் அல்லவா பேசப்படுகிறது?

உங்கள் பாப்பா

ஜூன் 16

பாப்பா,

பட்டறையில் ஆளே இல்லாத நாளில் என்னோடு தரையில் உட்கார்ந்து பிரஷ்ஷுக்கு முடி கட்டியவர் உன் மாமா. படிக்க அனுப்பியது வீட்டு மனிதரை வேவு பார்க்க அல்ல. கணக்கியல் மட்டும் எடு. இந்தப் பேச்சு இத்தோடு போகட்டும்.

அப்பா

ஜூன் 20

அன்புள்ள அப்பா,

சரி. கணக்கியல் மட்டும். பதிவு முப்பதாம் தேதி முடிகிறது.

பாப்பா

ஜூன் 25

அன்புள்ள பாப்பாவுக்கு,

வெளிநாட்டுக்காரர் நேற்று வந்து போனார். போகும்போது என் தோளைத் தட்டினார். அவரைக் காரில் ஏற்றிவிட்டுத் திரும்பியதும், நான் எதுவும் கேட்காமலே உன் மாமா சொன்னார்: "விலையைக் குறைக்கச் சொன்னாலும் அவர் தோளைத் தட்டத்தான் செய்வார், மச்சான். அது அவங்க பழக்கம். நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

தோளைப் பற்றி நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அது உன் கடிதத்தில் மட்டும்தான் இருந்தது. பட்டறைக்கு வரும் தபாலை உறை பிரித்து என் மேசையில் வைப்பது அவர்தான். இத்தனை வருடப் பழக்கம், எனக்கு உறைக்கவே இல்லை. அங்கே போடச் சொன்னதும் நான்தான்.

"பாப்பா என்ன படிக்கப்போறா?" என்று கேட்டார்.

"கணக்கியல் மட்டும்தான்" என்றேன்.

முப்பதாம் தேதிக்குள் மொழிக்கும் பதிந்துவிடு. இனி வீட்டுக்கே எழுது. அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா