காசிம் பாய் பிடித்த இடம்

1956 ஐப்பசி, வியாழன் இரவு

பட்டணத்தில் கொள்முதல் முடித்துக்கொண்டு நானும் காசிம் பாயும் சாயங்கால ரயிலுக்கு வந்தோம். அறுபதை நெருங்கும் வயதிலும் பாய் முன்னால் ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடித்தார். வாலிபத்தில் எனக்காக எப்போதும் ஜன்னலோரம்தான் பிடிப்பார். அத்திப்பட்டு உப்பளத்தின் வெள்ளைக் குவியல்களைப் பார்த்துக்கொண்டே கும்மிடிப்பூண்டி வரை கத்திப் பாடிக்கொண்டு வருவோம்.

இன்று ஏறிப் பார்த்தால் துண்டு கக்கூஸ் கதவுக்குப் பக்கத்தில் கிடந்தது. உப்பளம் தெரியும் ஜன்னலோரம் காலியாகவே இருந்தது.

"இங்க ஏன் பாய்?"

"குந்து நைனா. காலைல வரும்போது நாலு தபா எழுந்து போனே. டீயும் வேணான்னுட்டே. நானும் இப்டித்தான் தண்ணி குடிக்காம, ஒடம்பு சூடுன்னு சொல்லிக்கினு இருந்தேன். கடைசில ஒன்னுக்கே அடைச்சிக்கிச்சி. உள்ள சதை வீங்கிப் போச்சாம், ஆபரேசன் பண்ணாங்க. போன வருசம் நாகூர் போனேன்னு சொன்னேனே, பெரியாஸ்பத்திரிலதான் கெடந்தேன். இப்ப ராத்திரி முச்சூடும் தூங்குறேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லியே?"

"நீ மட்டும் சொன்னியா?"

திங்கட்கிழமை தனக்கு ஆபரேசன் செய்த டாக்டரிடமே என்னைக் கூட்டிப்போகிறாராம். வீட்டில் திருப்பதி போவதாகச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"அப்ப மொட்டை அடிச்சிக்கினு வரணுமே!"

இருவரும் அந்தக் காலம் போலச் சிரித்தோம். சிரித்த சிரிப்பில் நான் அவசரமாக எழுந்து ஓட வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது உப்பளம் கடந்து போயிருந்தது.