நடுவர் சொல்வதே முடிவு

மார்ச் 4

காலையில் ஒரு பூனைக்குத் தையல் போட்டேன். மதியம் முடிவு வந்துவிட்டது. மருத்துவமனை அண்ணிக்கு, நான் விலக வேண்டும்.

அண்ணி என் கணவரின் அக்கா. நானும் அவரும் கால்நடை மருத்துவர்கள். சேர்ந்து தொடங்கும்போதே எழுதிக்கொண்டோம்: பிரியலாம் என்று முதலில் சொல்பவர் விலக வேண்டும், தகராறு வந்தால் நடுவர் சொல்வதே முடிவு. நடுவர், இருவருக்கும் தெரிந்த ஓய்வுபெற்ற நீதிபதி. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டோம்.

முதலில் சொன்னது நானா? ஆபரேஷன் அறையில் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "பிரிஞ்சிடலாம்" என்று சொன்னது அண்ணிதான். சாட்சி, மயக்கத்தில் கிடந்த ஒரு நாய். மறுநாள் நான் செல்போனில் அனுப்பியது: 'சரி, பிரிந்துவிடலாம்.' அப்படிச் சொல்லவே இல்லை என்று அண்ணி சாதித்தார். நடுவர் எழுத்தை நம்பினார்.

அந்தச் 'சரி' அவர் கண்ணில் படவே இல்லையா? யாராவது சும்மா 'சரி' என்பார்களா?

மார்ச் 5

கணவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அக்காவா நீயான்னு மட்டும் என்னைக் கேக்காத." கேட்கவில்லை.

மார்ச் 11

வக்கீல் அம்மா விளக்கினார். "நடுவர் தப்பா முடிவு பண்ணிட்டார்னு போனா கோர்ட் உள்ளயே விடாது. ரெண்டு பேரையும் கேட்டாரா, ஒரு பக்கம் சாஞ்சாரா, இதைத்தான் பாக்கும்."

"அப்ப அவர் பண்ணின தப்பு?"

"தப்பு பண்ற உரிமையையும் சேத்துத்தான் அவருக்குக் குடுத்திருக்கீங்க."

எரிச்சலாக வந்தது. இருந்தாலும் மனு போடச் சொன்னேன்.

மே 2

மனு தள்ளுபடி. மேல்முறையீடு போகிறோம்.

வக்கீல் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். விசாரணை நடந்த மாதத்தில் நடுவர் தன் கிளியை வைத்தியத்துக்கு அண்ணியிடம் காட்டியிருக்கிறார். "ஒரு பக்கம் சாஞ்சார்னு எழுதலாம். நமக்கு இருக்கற ஒரே கதவு."

ஆனால் நடுவர் முதலில் எனக்குத்தான் போன் செய்தார். "அவங்ககிட்ட காட்டலாமா? உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?" நான் வெளியூரில் இருந்தேன். "தாராளமா காட்டுங்க சார்" என்றேன். எழுத்தில் எதுவும் இல்லை. அப்படி ஒரு போனே வரவில்லை என்று நான் சொன்னால் வரவில்லைதான்.

அண்ணி செய்ததும் இதுதானே?

மே 3

கிளி விஷயம் வேண்டாம் என்றேன்.

"அப்ப தோத்துடுவோம்."

தெரியும்.

ஆகஸ்ட் 19

தோற்றோம். மேல்முறையீட்டைக் கேட்ட நீதிபதி என்னைப் பார்த்தே சொன்னார்: "அந்தச் 'சரி'யை நானும் பாத்தேம்மா. நடுவர் இடத்துல நான் இருந்திருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன். ஆனா அந்த இடத்துல நீங்க ரெண்டு பேரும் உக்கார வச்சது என்னை இல்லையே."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். நான்தான் சரி என்று ஒருவர் சொல்லிவிட்டார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் – அழுகை நின்றது.

ஆகஸ்ட் 30

சாமான்களை எடுக்கப் போனேன். அண்ணி வாசலில் நின்றார். "அன்னைக்கு நான் கோவத்துல சொன்னது..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. நான் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினேன். மறுபக்கத்தை அவரே பிடித்து வண்டியில் ஏற்றினார்.

டிசம்பர் 8

என் வகுப்புத் தோழியோடு புது மருத்துவமனை. ஒப்பந்தம் எழுதும்போது வக்கீல் கேட்டார்: "நடுவர் சமாசாரம் இந்தத் தடவை வேண்டாம்தானே?"

"இருக்கட்டும்."

யாரைப் போடுவது என்று கேட்டார். கிளி வளர்க்கும் அதே நடுவரையே என்று சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "விளையாடறீங்களா?"

"இல்ல. கேட்டுப் பாருங்க."

சாயங்காலம் போன் வந்தது. "ஒத்துக்கிட்டார். ஆனா 'அந்தம்மாவா? அந்தம்மாவேவா?'ன்னு ரெண்டு தடவை கேட்டார்."