ஏழாம் பெட்டியின் கசிவு

கடற்கரை முகாம்,
3.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ரோஷினி எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை; அம்மாவிடம் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். போனில் பேசினால் ஆபீசில் ஸ்பீக்கரில் போடுவீர்கள், பட்டாசு லோடு ஏற்றுகிறவர்கள் வரைக்கும் கேட்பார்கள். இது உங்களுக்கு மட்டும்.

கடலுக்கு அடியில் நாங்கள் போடும் பாதை பாறையைக் குடைகிற சுரங்கம் இல்லை. கரையில் பெரிய கான்கிரீட் பெட்டிகளை வார்த்து, முனைகளை அடைத்து, மிதக்கவிட்டு இழுத்துப் போய், கடலடியில் தோண்டிய பள்ளத்தில் ஒன்றையொன்று ஒட்டி இறக்குகிறோம். ஒவ்வொன்றும் நம் தெருவைவிட நீளம். முனையைச் சுற்றித் தடித்த ரப்பர் விளிம்பு. இரண்டு பெட்டிக்கும் நடுவே சிக்கிய தண்ணீரை இறைத்துவிட்டால், மறுமுனையிலிருந்து கடலே தள்ளி இறுக்கிவிடும். அந்த அழுத்தத்தை எந்த யந்திரமும் தராது. ஆனால் ரப்பர் உட்காருகிற இடத்தில் கொஞ்சம் சரளை இருந்தாலும் போச்சு.

ஏழாம் பெட்டியை இறக்கும்போது, கடலுக்குள் முங்கிப் பார்க்கும் டைவர் யானெக் மேலே வந்து, அடியில் ஒரே கலங்கல், இன்னொரு முறை கழுவிப் பார்க்கிறேன் என்றார். காற்று கிளம்பும் என்று அறிவிப்பு வந்திருந்தது. அன்றைக்கு விட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். போதும், இறக்குங்கள் என்று சொன்னது பொறுப்பு இன்ஜினியரான நான்.

இப்போது இணைப்பில் உப்புத் தண்ணீர் கசிகிறது. டைவர் சரியாகப் பார்க்கவில்லை என்று கம்பெனி அறிக்கை தயாரித்துவிட்டது. என் கையெழுத்துதான் பாக்கி. யானெக் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. கேன்டீனில் அவர் இருந்தால் நான் சாப்பிடாமல் திரும்பிவிடுகிறேன். வெட்கமாக இருக்கிறது அப்பா. என்ன செய்யட்டும்?

உங்கள் மகள்,
ரோஷினி


சிவகாசி,
14.2.2025

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது.

இதற்குப் போய் ஏன் இப்படி உருகுகிறாய்? ஆளையா கொன்றுவிட்டாய்? கையெழுத்தைப் போட்டுவிட்டு வேலையைப் பார்.

இங்கே நடப்பது உனக்குத் தெரியாததா? பட்டாசுக் கம்பெனியில் விபத்து என்றால் கேஸ் போர்மேன் பெயரில்தான் போகும். முதலாளி உள்ளே போனால் அத்தனை பேருக்கும் யார் கூலி கொடுப்பது? நம் மருந்து ரூம் வெடித்தபோது போர்மேன் வெள்ளைத்துரை பெயரைத்தானே கொடுத்தோம். அவசர ஆர்டர் என்று, சூட்டில் பற்றக்கூடிய மருந்துக் கலவையை உச்சி வெயிலில் போடச் சொன்னது நான்தான். யார் இல்லை என்றார்கள்? அவன் ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தான். கைவிட்டோமா? அவன் மனைவி இருளம்மாளுக்கு இன்றைக்கும் பேக்கிங்கில் வேலை. தீபாவளிக்குத் தீபாவளி துணி எடுத்துக் கொடுக்கிறோம். நீயும் அந்த டைவருக்கு ஏதாவது செய்துவிடு.

சித்திரைப் பொங்கல் திருவிழாவில் நம் உறவின்முறைச் சங்கத்தார் உனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். கடலுக்கு அடியில் பாதை போடும் நம் ஊர்ப் பெண் என்று திருத்தங்கல் வரைக்கும் பிளெக்ஸ் வைக்கப் பேசியிருக்கிறோம். என்னைத் தலைகுனிய வைத்துவிடாதே.

ஆசிகளுடன்,
சங்கரபாண்டியன்


கடற்கரை முகாம்,
5.3.2025

அப்பா,

நீங்கள் சொன்னபடி கையெழுத்துப் போட உட்கார்ந்துவிட்டேன். பேனாகூட எடுத்துவிட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தில் இருந்த ஒரு வரி என்னை விடவில்லை. வெயிலில் கலவை போடச் சொன்னது நீங்கள் என்று எனக்கு இதுவரை தெரியாது. வெள்ளைத்துரையின் கவனக்குறைவு என்றுதான் வீட்டில் சொன்னீர்கள். லீவுக்கு வந்தபோது அவரிடம், கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாமே என்று நான்கூடக் கேட்டேன். சரி பாப்பா என்று தலையை ஆட்டினார்.

இறக்கச் சொன்னது நான், டைவர் எச்சரித்தார் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போய்விட்டது. யானெக் வேலையில் இருக்கிறார். கசிவை உள்ளிருந்து அடைக்க வழி பார்க்கிறார்கள், சுலபமில்லை.

சித்திரைப் பொங்கலுக்கு வருகிறேன். மேடை வேண்டாம். என் பக்கத்தில் நிற்க உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் சொல்லிவிடுங்கள், மதுரையில் என் சிநேகிதி கீர்த்திகா வீட்டில் தங்கிக்கொள்கிறேன்.

ரோஷினி


சிவகாசி,
24.3.2025

அன்பு மகள் ரோஷினிக்கு,

உன் கடிதம் கண்டு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று உறவின்முறையில் சொல்லிவிட்டு, திருவிழாக் கூட்டம் கலைந்தபிறகு வா என்று உனக்கு ஒரு கடிதமும் எழுதி வைத்திருந்தேன். அதை அனுப்பவில்லை.

அனுப்பக் கிளம்பிய அன்று, இருளம்மாளுக்கு மேலுக்குச் சுகமில்லை, லீவு வேண்டும் என்று வெள்ளைத்துரை ஆபீசுக்கு வந்தான். “பாப்பா பொங்கலுக்கு வருதாமே மொதலாளி?” என்றான். உன் அம்மாவிடமே இன்னும் சொல்லாததை ஏன் அவனிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

“அவளுக்கு வேல போயிருச்சுலே. கீழ இருக்கவன் மேல பழிய எழுதுன்னு அங்கன சொல்லிருக்காக. இவ, தப்பு என்னோடதுன்னு எழுதிக் குடுத்துட்டா.”

“அப்படியும் எழுதிக் குடுக்கலாமா மொதலாளி?” என்று கேட்டான்.

குத்திக் காட்டவில்லை அம்மா. குத்தியிருந்தால் சத்தம் போட்டு அனுப்பியிருப்பேன். தெரியாமல்தான் கேட்டான். இருளம்மாளுக்கு லீவு என்று மட்டும் சொன்னேன். கும்பிட்டுவிட்டுப் போனான்.

நீ திருவிழாவுக்கே வா. ரயிலடிக்கு நானே வருகிறேன். அவன் வீட்டுக்கு நான் போயாக வேண்டும். தனியாகப் போக எனக்கு முகமில்லை. என்கூட நீ வருவாயா?

அப்பா