கிறேஸ் டீச்சரின் கண்ணிமைகள்

அன்பின் வாப்பாவுக்கு ஸலாம்.

உங்கள் முழங்கால் வலி எப்படி? உம்மா சீனி வருத்தக் குளிசையை ஒழுங்காகப் போடுகிறாவா? கண்டியில் நான் சுகம். பெரிய டொக்டரோடு சின்ன மனத்தாங்கல், அவ்வளவுதான்.

நாவலப்பிட்டியில் படிப்பிக்கும் கிறேஸ் டீச்சர் வார்டுக்கு வந்தார். “காலையில நல்லாத்தான் இருக்கேன் டொக்டர். சாயங்காலமானா கண்ணு தானா மூடுது, சோறு தொண்டையில நிக்குது” என்றார். பெரியவர் கதிரையை விட்டு எழும்பவேயில்லை. “ஸ்கேன் சரி. இது சும்மா நடிப்பு. வீட்ட அனுப்புங்க.” மூளையின் படத்தைப் பார்க்கத் தெரிந்த அந்த மேதைக்கு மனிசியின் முகத்தைப் பார்க்கத் தெரியாது.

நான் அனுப்பவில்லை. டீச்சரை மேலேயே பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் இமைகள் தொங்கின. துணியில் சுற்றிய ஐஸ்கட்டியை அவற்றின்மேல் வைத்து எடுத்தேன், கண்கள் திறந்தன. நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேராத வருத்தம் அது. அன்று பின்னேரமே மூச்சும் தளர்ந்தது. வீட்டில் இருந்திருந்தால் மவுத்தாகியிருப்பார். மருந்து கொடுத்துத் தேற்றினோம்.

நேற்று பெரியவர் மாணவர்களைக் கூட்டி, “கண்டவுடனேயே எனக்கு விளங்கிட்டு” என்று பாடம் நடத்தினார். படுக்கையிலிருந்த டீச்சர், “நடிப்புன்னுதானே சொன்னீங்க சேர்?” என்றார். பெரியவருக்கு முகம் செத்துப்போனது. அந்தச் சின்னப் புத்தி வேறென்ன செய்யும்? பெருநாளன்று எனக்கு வேலை போட்டுவிட்டார்.

கல்முனை பஸ்ஸில் உம்மா கிண்டும் தொதல் இனிப்புக் கொஞ்சம் அனுப்புங்கள். பெருநாள் காலையில் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, வார்டிலிருந்து கூப்பிடுவேன், ஃபோனை எடுத்துப் பாயில் வையுங்கள். நான் பேசாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வார்டில் கூப்பிடுகிறார்கள்.

மகள் நப்லா