ஆடிப்பூரத்துப் பிரசாதம்

முடிச்சூர்

சிரஞ்சீவி ஹர்ஷாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் பார்த்தேன், பொய் எழுத வரவில்லை. போனில் பேசினால் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கொரியரில் கடிதம். உட்கார்ந்து முழுசாகப் படி.

மூன்று நாளாகச் சாயங்காலம் மழை. தெருவில் இன்னும் தண்ணீர் நிற்கவில்லை. மழை என்றாலே எனக்கு உன் ஞாபகம்தான். 2015இல் நம் வீட்டுக்குள் இடுப்பளவு வெள்ளம் வந்தபோது நீ நாலாம் வகுப்பு. அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் கோடைப் படிப்புக்கு இடம் கிடைத்ததும், நம்ம வீட்டுக்குள்ள தண்ணி ஏன் வந்துதுன்னு படிக்கப் போறேம்மா என்றாய். சுற்றுச்சூழல் அறிவியல், கூடவே இயற்கைப் புகைப்படம் என்றாய். அப்பா தயங்கினார், நான்தான் உனக்காக வாதாடினேன். நீ அனுப்பிய திராட்சைத் தோட்டப் படங்களைத் தெரு குரூப்பில் போட்டு, என் பிள்ளை எடுத்தது என்று பீற்றிக்கொண்டேன். அங்கே ஒயின் தயாரிக்கவும் கற்றுத் தருகிறார்கள் என்பதையோ, நீ சேர்ந்தது அதில் மட்டும்தான் என்பதையோ நீ மூச்சு விடவில்லை.

ஆடிப்பூரத்துக்கு முந்தின நாள், உன்னோடு படித்துவிட்டு ஊர் திரும்பிய ஷெர்வின் ஒரு பாட்டிலை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனான். எங்க கிளாஸ்ல பண்ணின திராட்சை ஜூஸ், நானே பண்ணினதும்மா என்று போனில் சொன்னாய். பிள்ளை கையால் செய்த முதல் பொருளைப் பெருமாளுக்குக் காட்டாமல் நான் யார் வாயிலாவது வைப்பேனா? கண்டருளப் பண்ணும் முன் எதையும் ருசி பார்க்க மாட்டேன் என்பதும் உனக்குத் தெரியும். வட்டிலில் ஊற்றும்போது ஏதோ வாடை வந்தது. வெளிநாட்டுத் திராட்சை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் ஒரு அசடு.

வீடியோ காலில் நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். மணி அடித்தேன், நீயும் கைகூப்பினாய். முதலில் பக்கத்து வீட்டு சுகுமார் சாருக்கு ஒரு உத்தரணி கொடுத்தேன். இன்னா மாமி, பிரசாதம் செம ஸ்ட்ராங்கா கீது என்று சிரித்தார். அப்போதும் எனக்குப் புரியவில்லை. அடுத்து அப்பா கையை நீட்டினார். அந்த நிமிஷம் உன் முகம் திரையிலிருந்து போனது. நெட் போய்விட்டது என்று நினைத்தேன்.

வெள்ளத்துக்குப் பிறகு அப்பா எப்படிக் குடித்தார், அதை நிறுத்த என்ன பாடுபட்டார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மடியில் படுத்துத் தூங்கியவன் நீ. இனி ஒரு சொட்டுகூட ஆகாது என்று டாக்டர் சொன்னதை நீயும்தான் கேட்டாய். அன்று அப்பா கையை வாயருகே கொண்டுபோனவர், அப்படியே நின்று என்னைப் பார்த்தார். பிரசாதம், சாப்பிடுங்கோ என்றேன். சாப்பிட்டார்.

மறுநாள் ஷெர்வின் வந்து, ஒயின் எப்படி இருந்துச்சு ஆன்ட்டி, கிளாஸ்லயே ஹர்ஷாதான் பெஸ்ட் என்றான்.

நீ ஒயின் படித்ததற்குக் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், பிறகு ஆறிவிடுவேன். ஆனால் அப்பா கையை நீட்டியபோது, வேண்டாம்மா என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாமே. நீ போனை அணைத்தாய். நான் பெற்ற பிள்ளையே என் கழுத்தை அறுப்பான் என்று நினைக்கவில்லை ஹர்ஷா. அதுவும் என் கையாலேயே.

அப்பா உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சின்னப் பையன், விடு என்கிறார். ஆனால் சாயங்காலமானால் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெருங்களத்தூர் வரை நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புகிறார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே போகிறேன். நேற்று வழியில், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார், அந்தப் பாட்டில்ல மிச்சம் ஏதாவது இருக்கோ என்று. கொட்டிவிட்டேன் என்றேன். நல்லது என்றார்.

டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வா. எனக்கு ஒரு சமாதானமும் சொல்ல வேண்டாம், அவர் எதிரில் உட்கார்ந்து உண்மையைச் சொல். பெருமாள் உன்னை நன்றாக வைக்கட்டும். சீக்கிரம் வா. அவரைப் பிடித்து வைத்துக்கொள்ள நான் ஒருத்தி போதவில்லை.

அம்மா,
நாகலக்ஷ்மி